கற்பனை எண் அறிந்தவள்

எல்கடுவ, மேற்பிரிவு
2024 பெப்ரவரி 5

மதிப்புக்குரிய 'துணிக்கை' மாத இதழின் ஆசிரியர் புஹாரி அவர்களுக்கு,

'நானா' என்று அண்ணன் முறை சொல்லித் தொடங்கத்தான் கை போனது. ஆனால் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் போனை வைத்துவிட்டதால் இந்தத் தடவை 'ஆசிரியர் அவர்கள்' தான். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். போனைப் போல இதை நடுவில் வைக்க முடியாது, கையெழுத்துப் போட்டு வாங்கத்தான் வேண்டும்.

நீங்களே எழுதி, என் கையெழுத்துக்காக அனுப்பிய மன்னிப்புக் குறிப்பை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை, போடப்போவதும் இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை நீங்களும் கேட்டுப் பாருங்கள்:

"ஜனவரி இதழின் 'தெரியுமா?' பகுதியில், எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த வெள்ளையம்மா என்ற பெண் கற்பனை எண்களைத் தானாகவே கண்டுபிடித்தார் என்று நான் எழுதியது பொய். வாசகர்களை ஏமாற்றியதற்கு மன்னிப்புக் கோருகிறேன். இரா. ஹம்சிகா, கணித ஆசிரியை, உக்குவளை."

பொய்யா? நான் அனுப்பியது ஒரு கதை. விஞ்ஞானக் கதை. நிறுக்கிற இடத்தில் தண்ணிக்கு என்றும் சாக்குக்கு என்றும் எடையில் கழிக்கிற கொழுந்தெல்லாம் எங்கே போகிறது என்று வெள்ளையம்மா யோசிக்கிறாள். எண்கோட்டில் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை, பக்கவாட்டில் போகிறது என்று கண்டுபிடிக்கிறாள். இது முன்பாதி. பின்பாதியில், கழித்த கொழுந்தெல்லாம் சேர்ந்து எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு மலையாக முளைத்திருக்கிறது. அவள் கூடையோடு அந்த மலைக்குள் நடந்து போய்விடுகிறாள். அதற்குப் பிறகு நிறுவைத் தராசு எந்த எடையையும் காட்ட மறுக்கிறது.

இதை எந்தப் பைத்தியக்காரன் உண்மை என்று நம்புவான்? பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, முன்பாதியை மட்டும் துணுக்குப் பகுதியில் போட்டால் எல்லோரும் நம்புவார்கள். அதைச் செய்தது நான் இல்லையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'தெரியுமா?' பகுதியை ஏழு வருடமாக எழுதுவது முக்கோணன். அந்தப் பெயரை எனக்கு வைத்தது நீங்கள். "பொம்புளப் பேர் போட்டா சமையல் குறிப்புன்னு நெனச்சி பக்கத்தத் திருப்பிடுவாங்க தங்கச்சி" என்றீர்கள். நானும் சிரித்துக்கொண்டு சரி என்றேன். கணிதத்தில் யார் கெட்டிக்காரன் என்று சண்டை பிடித்து, வாள்வீச்சில் மூக்கை இழந்து, உலோக மூக்கு ஒட்டிக்கொண்டு திரிந்த டைக்கோ பிராகியைப் பற்றி எழுதினேன். அவரைக்காயைத் தொடமாட்டார்கள் என்று சொல்லப்படும் பைதகரசின் ஆட்களைப் பற்றி எழுதினேன். பாராட்டுக் கடிதமெல்லாம் முக்கோணனுக்கு வந்தது. மன்னிப்புக்கு மட்டும் ஹம்சிகாவா?

என் சொந்தப் பெயர் இதுவரை எந்தக் காகிதத்திலும் அச்சானதில்லை. அது முதல் தடவையாக அச்சில் ஏறும்போது ஒரு மன்னிப்புக்குக் கீழே ஏறுவதற்கு நான் விடமாட்டேன். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

இப்படிக்கு,
இரா. ஹம்சிகா


'துணிக்கை' அச்சகம், பலாபத்வல
2024 பெப்ரவரி 9

ஆசிரியை ஹம்சிகா அவர்களுக்கு,

பதிவுத் தபால் கிடைத்தது. தபால்காரர் றஹீம் "கோட்டு வழக்குக் கடிதமா நானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது தெருவே விசாரிக்கிறது. சந்தோசமா?

போனை வைத்தது பிழைதான். ஆனால் நீங்கள் என்னை "வாசிக்கத் தெரியாத ஆசிரியர்" என்றீர்கள். முப்பது வருடம் ஈய எழுத்துக் கோத்த கை இது. அப்படிச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும்.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் சமன்பாடு சிதைந்துவிடும் என்று எப்போதும் கையால் எழுதித்தான் அனுப்புவீர்கள். ஜனவரிக்கும் அப்படித்தான் வந்தது. தலைப்பில் நீங்களே "கற்பனை எண் அறிந்தவள்" என்று எழுதியிருந்தீர்கள். கற்பனை எண் என்பது உயர்தர வகுப்பில் படிப்பிக்கிற விசயம் என்று எனக்கும் தெரியும். கணிதப் பகுதிக்குக் கணிதத் தலைப்போடு வந்த தாளை நான் என்னவென்று எடுப்பது? நம் அச்சகப் பையன் றம்ஸி தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது ஒரு விளம்பரம் வந்து அரைப்பக்கம் குறைந்தது. முன்பாதியோடு விசயம் முடிந்த மாதிரி இருந்தது, அதனால் நிறுத்தினேன். கடைசியில் போடுகிற முக்கோணன் பெயரும் அதோடு விடுபட்டுவிட்டது. பின்பாதியை நான் வாசிக்கவே இல்லை. அவசரம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாத்தளையில் ஒரு வினாடி வினாப் போட்டியில் இதையே கேள்வியாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை வெள்ளையம்மா என்று சொல்லி வெற்றிக்கிண்ணம் வாங்கிப் போயிருக்கிறது. பிறகுதான் அப்படி ஒரு ஆளே இல்லை என்று தெரிந்து கூட்டமாகக் கத்தியிருக்கிறார்கள். பெரிய ரியூஷன் வகுப்பு நடத்துகிற ஒருவர் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். எழுதியவர் சொந்தப் பெயரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார். நம் பின்அட்டை விளம்பரம் அவருடையது. அவர் விலகினால் 'துணிக்கை'க்குக் கடதாசி வாங்க முடியாது.

என்னுடைய பெயர் பெரிது, உங்களுடைய பெயர் சிறிது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பத்திரிகை பொய் சொன்னது என்று ஆகிவிட்டால் பிறகு அது சொல்லும் உண்மையையும் யாரும் எடுக்கமாட்டார்கள். மார்ச் இதழ் இருபத்தைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. அதற்குள் கையெழுத்து வராவிட்டால் 'தெரியுமா?' பகுதியை நிறுத்துவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

இப்படிக்கு,
எம். புஹாரி


எல்கடுவ, மேற்பிரிவு
2024 பெப்ரவரி 13

புஹாரி அவர்களுக்கு,

ஒரு காரியம் செய்யுங்கள். என் கையெழுத்துப் பிரதியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். முதல் வரியில் ஒரே ஒரு சொல் இருக்கும்: கற்பனை. சிவப்புப் பேனையால், அடிக்கோட்டோடு. இது கதை, துணுக்கு அல்ல என்று உங்களுக்குச் சொல்வதற்காக எழுதியது. அடுத்த வரியில் நீலப் பேனையால் கதையின் பெயர்: எண் அறிந்தவள்.

நீங்கள் இரண்டையும் ஒட்டி வாசித்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் அந்தத் தலைப்பைக் கண்டதும் முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது பஸ்ஸில் இருந்தேன். வாய்விட்டுச் சிரித்ததில் பக்கத்தில் இருந்த அம்மா தள்ளி உட்கார்ந்தார். உண்மையைச் சொல்வதென்றால், கணிதப் பகுதிக்கு அனுப்பும் தாளில் 'கற்பனை' என்று தலையில் எழுதும்போது எனக்கே அது உறைத்திருக்க வேண்டும். கால்வாசிப் பிழை என்னுடையது என்று ஒத்துக்கொள்கிறேன். முக்கால்வாசிக்கு நீங்கள் பொறுப்பு.

அந்தச் சொல்லே ஒரு வசவாகப் பிறந்ததுதான், தெரியுமா? பூச்சியத்துக்குக் கீழுள்ள மறை எண்ணின் வர்க்கமூலத்தை டெக்கார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 'கற்பனை' என்று சொன்னது பாராட்டி அல்ல, இளக்காரமாக. அவருக்கு முன்னால் கார்டானோ அதை வைத்துக் கணக்குச் செய்துவிட்டு, நுட்பமானது, ஆனால் உதவாதது என்று எழுதிவைத்தார். பிறகு காவுஸ் என்ற ஜெர்மன் கணித மேதை வந்து, இதற்குப் பக்கவாட்டு எண் என்று பெயர் வைத்திருந்தால் யாரும் இவ்வளவு குழம்பியிருக்க மாட்டார்கள் என்றார். இன்றைக்கு உங்கள் அச்சு இயந்திரத்துக்கு வருகிற மின்சாரத்தைக் கணக்கிட அந்த உதவாத எண் வேண்டும். வசவு மட்டும் பெயராக ஒட்டிக்கொண்டது.

கையெழுத்து விசயத்துக்கு வருகிறேன். சிசிலியா பெயின் என்ற பெண் தன் ஆய்வில், நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஐதரசனால் ஆனவை என்று கண்டுபிடித்தாள். பெயர்பெற்ற பெரிய வானியலாளர் ஒருவர் அது நடக்காத காரியம் என்றார். அவளும் தன் ஆய்வேட்டிலேயே, இந்த அளவு அநேகமாக உண்மையல்ல என்று ஒரு வரி எழுதிவைத்தாள். நாலு வருடத்தில் அந்தப் பெரியவரே, அவள் சொன்னது சரிதான் என்று எழுதினார். வானத்தில் எல்லாம் சரியாகவே எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த வரி மட்டும் அவள் கையெழுத்தில் இன்றைக்கும் இருக்கிறது.

அந்த மாதிரி ஒரு வரியை நான் எழுதித் தரமாட்டேன். பகுதியை நிறுத்துவதென்றால் நிறுத்துங்கள். பாடப்புத்தகத்துக்கு வெளியே நான் கணிதம் பேசுகிற இடம் அது ஒன்றுதான், அது உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அதில் கை வைக்கிறீர்கள்.

அந்த ரியூஷன்காரர் உண்மையில் என்ன எழுதினார்? வரிக்கு வரி வேண்டும். சுருக்கம் வேண்டாம், நீங்கள் சுருக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஹம்சிகா


'துணிக்கை' அச்சகம், பலாபத்வல
2024 பெப்ரவரி 16

தங்கச்சி ஹம்சிகாவுக்கு,

பிரதியை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு ஒரு வரி, நீலம் ஒரு வரி. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். மாறவில்லை.

எனக்கு ஆறுதலாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன், உன்னிடமே கற்றதுதான். 'சைன்' என்ற சொல் எப்படி வந்தது என்று மூன்று வருடத்துக்கு முன் நீ எழுதினாய். வில்லின் நாணுக்கு வடமொழியில் உள்ள சொல்லை அரபியில் ஒலிக்கு ஒலி எழுதிவைத்தார்கள். நம் ஓதலில் போடுகிற ஸபர், ஸேர் போன்ற உயிர்க்குறி எதுவும் இல்லாமல் வெறும் எழுத்து மட்டும். பின்னால் வந்தவர்கள் அதை 'ஜைப்' என்று வாசித்தார்கள். நாம் ஜேபி என்கிறோமே, சட்டையின் மடிப்பு, அந்தச் சொல். லத்தீன்காரர்கள் அதையும் மடிப்பு என்ற பொருளிலேயே 'சைனஸ்' என்று மொழிபெயர்த்து வைத்துவிட்டார்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் இன்றைக்கும் அந்தப் பிழையைத்தான் படிக்கிறார்கள். அவ்வளவு பெரிய ஆட்களே தடுமாறியிருக்கும்போது பலாபத்வல புஹாரி இரண்டு வரியை ஒட்டி வாசித்தது பெரிய குற்றமா என்று வீட்டுக்காரி மஸீனாவிடம் கேட்டேன்.

அவள் உன் பக்கம். ஆனால் அவளுக்கு உன்மேலும் கோபம். "அந்தப் பொம்புள மெய்யாவே இருந்தவன்னு நெனச்சி நான் அவளுக்காக அழுதேன். இப்ப இல்லங்கிறீங்க. ரெண்டு பேருமா சேர்ந்து என்னய ஏமாத்திட்டீங்க" என்றாள். நானும் நம்பினேன் தங்கச்சி. அச்சுக்குப் போகிற இரவு அதை வாசித்துவிட்டு, நம் ஊரிலும் ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று நெஞ்சு நிறைந்து போனேன். அதனால்தான் சரிபார்க்கத் தோன்றவில்லை. அவள் இல்லை என்று நீ போனில் சொன்னபோது எனக்கு வந்தது கோபமா, வேறெதுவுமா என்று இன்னும் தெரியவில்லை.

அந்த ரியூஷன்காரர் வினோஜன் சேரின் கடிதத்தைக் கேட்டாய். அனுப்பாமல் இருக்கப் பார்த்தேன். சுருக்குகிறேன் என்ற பழி எனக்கு வேண்டாம், அதனால் அப்படியே எழுதுகிறேன்:

"கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணுக்குக் கற்பனை எண் எங்கிருந்து வரும்? நிறுக்கிற இடத்தில் கிலோ எவ்வளவு என்று தெரிந்தாலே பெரிய காரியம். இப்படி ஒருத்தி இருந்திருக்கவே முடியாது என்பது யோசிக்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும். முக்கோணன் அவர்களின் தரமான எழுத்துக்கு நடுவில் யாரோ கத்துக்குட்டி புகுந்து பகுதியைக் கெடுத்திருக்கிறார். அந்த ஆள் சொந்தப் பெயரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

இவ்வளவுதான். வாசித்துவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பதில் எழுது. அவள் இல்லை என்பது உண்மைதானே. அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

புஹாரி நானா


எல்கடுவ, மேற்பிரிவு
2024 பெப்ரவரி 18

நானா,

ஒரு நாள் பொறுத்துத்தான் எழுதுகிறேன். பொறுத்ததில் கோபம் கூடியிருக்கிறது.

அவர் கடிதத்தில் ஒரு இடத்தில்கூட, தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று இல்லை, கவனித்தீர்களா? தோட்டத்துப் பதிவைப் பார்க்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. கொழுந்து பறிக்கிறவள் என்ற ஒரு சொல்லை வாசித்தார், உடனே பொய் என்று முடிவு கட்டினார். விடை சரி, செய்முறை முழுக்கப் பிழை. என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் நான் புள்ளி கொடுத்திருக்க மாட்டேன்.

வெள்ளையம்மா இல்லை. அதை நானே சொல்வேன், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். அவளை என் மேசையில் உட்கார்ந்து நான் உண்டாக்கினேன். ஆனால் 'இல்லை' என்பது வேறு, 'இருக்க முடியாது' என்பது வேறு. இல்லை என்பது ஒரு தகவல். இருக்க முடியாது என்பதற்கு நிறுவல் வேண்டும். நான் இப்போது மன்னிப்புக் கேட்டால் முதலாவதுக்குக் கேட்டதாக யாரும் எடுக்கமாட்டார்கள். இரண்டாவதை நானே கையெழுத்துப் போட்டு உறுதிப்படுத்தியதாக ஆகும். என் அம்மா இன்றைக்கும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார் நானா. அவர் பறித்த கொழுந்தில் நான் கற்பனை எண் வருகிற சிக்கலெண் பாடம் படித்தேன். நான் எந்த வாயால் அதில் கையெழுத்துப் போடுவேன்?

சோஃபி ஜெர்மேன் என்ற பெண் ஒரு ஆணின் பெயரில் காவுஸுக்குக் கணிதக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். லெப்லாங் என்று கையெழுத்துப் போடுவாள். யுத்தம் வந்து காவுஸின் ஊருக்குள் படை நுழைந்தபோது, அவருக்கு ஆபத்து வரக்கூடாது என்று தெரிந்த தளபதியிடம் சொல்லிவைத்தாள். இன்னார் உங்களை விசாரித்தார் என்று ஆள் போய்ச் சொன்னபோது, அந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாதே என்றார் காவுஸ். எத்தனையோ கடிதம் வாசித்தவர். அவரைப் பிழை சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்தது லெப்லாங்கை மட்டும்தான்.

கணித மேதையான ரஷ்யப் பெண் கோவலெவ்ஸ்காயா சிறுமியாக இருந்தபோது அறைக்கு ஒட்டச் சுவர்த்தாள் போதவில்லை. நுண்கணித விரிவுரைக் குறிப்புகளை எடுத்து ஒட்டினார்கள். அவள் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு நிற்பாளாம். அது பிரபுவின் மாளிகை, அதனால் அழகான வரலாறு. எங்கள் லயத்து வரிசை வீட்டின் சுவரிலும் பழைய பேப்பர்தான் ஒட்டியிருந்தது. பங்குச் சந்தை விலையும் மரண அறிவித்தலும் பார்த்து நான் இலக்கம் படித்தேன். அதைச் சொன்னால் வினோஜன் சேர் பொய் என்பார்.

என்னால் தரக்கூடியது இதுதான். இதை மார்ச் இதழில் போடுங்கள்: "ஜனவரி இதழில் வந்த வெள்ளையம்மா கற்பனைப் பாத்திரம். கதை என்ற குறிப்பு அச்சில் விடுபட்டுவிட்டது. முக்கோணன்." அந்தப் பகுதி முக்கோணனுடையது, விளக்கமும் அவரே கொடுக்கட்டும். என் பெயரை விட்டுவிடுங்கள்.

அம்மாவிடம் அந்தக் கடிதத்தைக் காட்டவில்லை. காட்டப் பயமாக இருக்கிறது.

ஹம்சிகா


'துணிக்கை' அச்சகம், பலாபத்வல
2024 பெப்ரவரி 24

அன்புள்ள தங்கச்சி,

நேற்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து உட்காருகிறேன், வினோஜன் சேர் வாசலில் நிற்கிறார். மஸீனா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் வெட்டவில்லை.

"மன்னிப்பு ரெடியா நானா?" என்று கேட்டார்.

"எழுதினவங்க மாட்டேங்கிறாங்க" என்றேன்.

"பாருங்க, எவ்வளவு திமிரு. முக்கோணன் சேர் இதையெல்லாம் பாத்துட்டு எப்பிடிச் சும்மா இருக்கிறாரு? அவரு எழுதின சைன் கட்டுரைய நான் ஒவ்வொரு வருசமும் போட்டோகொப்பி அடிச்சுப் புள்ளைங்களுக்குக் குடுக்கிறேன். அத வாசிச்ச பொறகுதான் எனக்கே அந்தப் பாடம் படிப்பிக்க ஆசை வந்திச்சு. அவர ஒரு நாளைக்கு நம்ம கிளாசுக்குக் கூட்டிட்டு வாங்க நானா. மால போட்டு மரியாத செய்யணும்."

"யாரா இருந்தாலும் மால போடுவீங்களா?"

"அது என்ன கேள்வி. முக்கோணன் சேருக்குப் போடாம வேற யாருக்குப் போடுறது?"

திரைக்குப் பின்னால் மஸீனா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். எனக்கு நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அது நீ எனக்குக் கொடுத்த இரகசியம். அதைத் திறப்பதென்றால் நீதான் திறக்க வேண்டும். தேத்தண்ணியை விழுங்கி வாயை மூடிக்கொண்டேன்.

அவர் போன பிறகுதான் யோசித்தேன். அந்தப் பெயரை வைத்தது நான்தானே. அன்றைக்கு அது உனக்கு ஒரு பாதுகாப்பு என்று நினைத்தேன். நேற்று அதே பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் என் முன்னாலேயே உன்னைத் திட்டி, உன்னையே புகழ்ந்துவிட்டுப் போகிறார். நான் வைத்த பெயர் யாரைப் பாதுகாக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மன்னிப்புக் குறிப்பைக் கிழித்துப் போட்டேன். வினோஜன் சேர் விலகினால் பின்அட்டைக்கு நாள்காட்டி போடுவேன், அதற்கும் கடதாசி கடனாகத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அது என் தலைவலி. 'தெரியுமா?' நிற்காது. அச்சுக்குப் போவதை ஒரு கிழமை, மார்ச் தொடக்கத்துக்கு, தள்ளியிருக்கிறேன். முக்கோணன் பெயரில் விளக்கம் போடச் சொன்னாய். போடுகிறேன். ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே: முக்கோணன் யார் என்று வினோஜன் சேருக்குச் சொல்லட்டுமா?

நானா


எல்கடுவ, மேற்பிரிவு
2024 பெப்ரவரி 28

அன்புள்ள நானா,

உங்கள் கடிதத்தைச் சிரித்துச் சிரித்து வாசித்தேன். பிறகு அழுகை வந்தது. அதற்குப் பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், பயம் வந்தது. ஏழு வருடம் அந்தப் பெயருக்குள் இருந்து பழகிவிட்டேன். வெளியே வந்தால் பாடசாலையில் என்ன சொல்வார்கள், அந்த வாசகர்களெல்லாம் இனிமேல் என் எழுத்தில் பிழை தேடியே வாசிப்பார்களா என்று இரண்டு நாள் மனம் குழம்பியது. விளக்கத்தை முக்கோணனே கொடுக்கட்டும் என்று நான் எழுதியதற்கும் அந்தப் பயம்தான் காரணம். அதை ரோசம் என்று உங்களிடம் காட்டிக்கொண்டேன்.

நேற்று அம்மாவுக்கு எல்லாக் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். வினோஜன் சேர் எழுதிய இடத்தையும் விடாமல் வாசித்தேன். அம்மா கொழுந்துச் சாக்கைத் தைத்துக்கொண்டே கேட்டார்.

"கிலோ தெரியாதுன்னா சொல்றாரு? தெரியாமத்தான் நாங்க ஒவ்வொரு நாளும் கணக்கப்புள்ளையோட சண்ட போடுறமா?" என்றார். பிறகு ஊசியை வைத்துவிட்டு, "அது கெடக்கட்டும். இவ்வளவு நாளா எழுதினது நீயின்னு ஏன் ஒருத்தருக்கும் தெரியாது?" என்று கேட்டார்.

சமையல் குறிப்பு விசயத்தைச் சொன்னேன்.

"அப்ப இருந்திச்சு, சரி. இப்பவும் என்னாத்துக்கு? போடு ஒன் பேர. எம் பேரையும் சேத்துப் போடு. ஆனா எழுத்துப் பாத்துப் போடச் சொல்லு. ஈபிஎஃப் பேப்பர்ல 'கமலாச்சி'ன்னு போட்டுட்டு அதத் திருத்த நான் கண்டிக்கும் மாத்தளைக்கும் அலைஞ்சது எனக்குத்தான் தெரியும். 'ட்' போடணும், புள்ளியோட."

அவ்வளவுதான் அம்மா சொன்னது. மறுபடி சாக்கைத் தைக்கத் தொடங்கிவிட்டார். நான்தான் இராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

வினோஜன் சேருக்கு நீங்கள் தனியாக ஒன்றும் சொல்ல வேண்டாம். எல்லோரோடும் சேர்ந்து அவரும் இதழில் வாசிக்கட்டும். மாலை எதுவும் எனக்கு வேண்டாம். அவர் கொடுக்கிற போட்டோகொப்பியில் பெயரை மட்டும் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். விளம்பரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தக் கட்டுரையை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு சைன் விளங்க வேண்டும்.

கதையை மார்ச் இதழில் முழுசாகப் போடுங்கள். பின்பாதியையும் சேர்த்து. மஸீனா அக்காவுக்கு முதலில் வாசிக்கக் கொடுங்கள், வெள்ளையம்மா எங்கே போனாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். போன கடிதத்தில் எழுதிய விளக்கத்தைக் கிழித்துவிட்டு இதைக் கதைக்கு மேலே பெட்டி கட்டிப் போடுங்கள். ஒரு சொல்லையும் குறைக்கக் கூடாது:

"ஜனவரி இதழில் வந்த வெள்ளையம்மா கற்பனைப் பாத்திரம். அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதற்குச் சான்று இல்லை. இருந்திருக்க முடியாது என்பதற்கும் சான்று இல்லை. ஏழு வருடமாக இந்தப் பகுதியில் நீங்கள் வாசித்த முக்கோணனும் கற்பனைதான். எழுதியது நான்.

இரா. ஹம்சிகா,
கொழுந்து பறிக்கும் கமலாட்சியின் மகள்."